‘என்று’ வரும் இடத்தில் உடையும் ஆங்கிலம்: நவுன் கிளாஸ் பிழை நீக்கும் வழிமுறை

பத்தாம் வகுப்பு விடைத்தாள், வேலை கேட்டு எழுதும் கடிதம், மேலதிகாரிக்குப் போகும் மின்னஞ்சல். மாலையில் திருத்தச் சொல்லி என் மேசைக்கு வருபவை இவைதான். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். சிவப்பு மை விழும் இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்று: ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் போய் உட்காரும் இடம். அந்த உள்வாக்கியம் ஒரு பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்வதால் அதற்கு நவுன் கிளாஸ் என்று பெயர். தமிழில் அந்த இடத்தை ‘என்று’ போட்டு எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு ஒரே ஈடு கிடையாது. பிழைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வாக்கியத்தில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எளிய காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியதைக் கடைசியில். உதாரணங்களை வாய்விட்டு வாசியுங்கள். பல பிழைகள் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்: இது நவுன் கிளாஸ்தானா?

உள்வாக்கியத்தை எடுத்துவிட்டு அங்கே ‘ஸம்திங்’ என்று ஒரு சொல்லைப் போடுங்கள். ‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்’ என்பது ‘ஐ நோ ஸம்திங்’ ஆகிறது. வாக்கியம் நிற்கிறது, ஆகவே நவுன் கிளாஸ். ‘ஸ்டே வேர் யூ ஆர்’ என்பதை ‘ஸ்டே ஸம்திங்’ என்று மாற்றினால் நிற்கவில்லை. அது வேறு வகை. பெரும்பாலான வாக்கியங்களுக்கு இந்தச் சோதனை போதும்.

அறிகுறி 1: உள்ளே ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது

‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி.’

அதிகம் பார்ப்பது இதைத்தான். ‘அவன் எங்கே இருக்கிறான்?’ என்று கேட்டாலும், ‘அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை’ என்று சொன்னாலும் தமிழில் சொல்வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். கேள்வி உள்ளே போனதும் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடும்.

*இஸ், ஆர், வாஸ், கேன், வில் முன்னால் நிற்கிறதா?* இரண்டு சொற்களை இடம் மாற்றினால் போதும். ‘வேர் இஸ் ஹி’ என்பது ‘வேர் ஹி இஸ்’ ஆகும். ‘வென் வில் தி பஸ் கம்’ என்பது ‘வென் தி பஸ் வில் கம்’ ஆகும்.

*டூ, டஸ், டிட் உள்ளே இருக்கிறதா?* அதை எடுத்துவிடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அது சுமந்துகொண்டிருந்ததை வெர்ப்பிடம் கொடுக்க வேண்டும். ‘டெல் மீ வேர் டிட் யூ கோ’ என்பதில் இறந்தகாலத்தைச் சுமப்பது டிட். அது போனால் ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆக வேண்டும்: ‘டெல் மீ வேர் யூ வென்ட்.’ டஸ் போனால் வெர்ப்பின் வாலில் ஒரு ‘ஸ்’ ஒட்ட வேண்டும்: ‘டூ யூ நோ வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்’ என்பது ‘டூ யூ நோ வாட் திஸ் வேர்ட் மீன்ஸ்’ ஆகும். முதலில் நிற்கும் ‘டூ’ வெளிவாக்கியத்துடையது, அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் பல பேர் டிட்டை எடுத்துவிட்டு ‘வேர் யூ கோ’ என்று விட்டுவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

*‘நாட்’ கூடவே இருக்கிறதா?* அப்படியானால் டிட்டை எடுக்கக் கூடாது, சப்ஜெக்ட்டுக்குப் பின்னால் நகர்த்தினால் போதும். ‘ஒய் டிடின்ட் ஹி கம்’ என்பது ‘ஒய் ஹி டிடின்ட் கம்’ ஆகும்.

*கேள்விச் சொல்லே சப்ஜெக்ட்டா?* அப்போது எதையும் மாற்ற வேண்டாம். ‘ஐ டோன்ட் நோ ஹூ கேம்’, ‘டெல் மீ வாட் ஹேப்பன்ட்.’ இரண்டும் சரிதான். விதியைப் புதிதாகக் கற்ற ஆர்வத்தில் சரியாக இருப்பதையும் கலைத்துவிடுவது உண்டு. சோதனை எளிது. ஹூ இருக்கும் இடத்தில் ஒரு பெயரைப் போடுங்கள்: ‘குமார் கேம்.’ வாக்கியம் முழுமையாக இருந்தால் ஹூதான் சப்ஜெக்ட்.

*சப்ஜெக்ட் மிக நீளமா?* ‘ப்ளீஸ் டெல் மீ வாட் இஸ் தி லாஸ்ட் டேட் ஃபார் பேயிங் தி ஃபீஸ்.’ விதிப்படி இஸ்ஸைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் அது வால் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே திருத்துவதைவிடப் பிரித்துக் கட்டுவது நல்லது: ‘ப்ளீஸ் டெல் மீ தி லாஸ்ட் டேட் ஃபார் பேயிங் தி ஃபீஸ்.’ கிளாஸே தேவைப்படவில்லை, கடிதமும் சுருக்கமாகிறது.

அப்புறம் கேள்விக்குறி. அதை முடிவு செய்வது வெளிவாக்கியம். ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்பது கேள்வி அல்ல, ஆகவே முற்றுப்புள்ளி. ‘டூ யூ நோ வேர் ஹி இஸ்’ என்பது கேள்வி, ஆகவே கேள்விக்குறி.

அறிகுறி 2: தேவையில்லாத இடத்தில் தட், தேவையான இடத்தில் எதுவுமே இல்லை

‘ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்.’
‘ஐ டோன்ட் நோ ஹி வில் கம் ஆர் நாட்.’

இரண்டும் ஒரே கோளாறு. ‘என்று’ என்றாலே தட் என்று மனதில் பதிந்திருக்கிறது. அதை அவிழ்க்க நான் சொல்லித்தரும் வழி: தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள், ‘என்று’ என்பதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

- அவன் வந்தான் என்று: சாதாரணச் செய்தி. தட் போடுங்கள்.
- அவன் எப்போது வந்தான் என்று: கேள்விச் சொல் இருக்கிறது. அந்தக் கேள்விச் சொல் மட்டும் போதும், தட் வேண்டாம்.
- அவன் வந்தானா என்று: வினையின் நுனியில் ‘ஆ’ இருக்கிறது. இஃப் அல்லது வெதர் போடுங்கள்.

அந்த ‘ஆ’ ஓர் எழுத்துதான். ஆனால் ஆங்கிலத்தில் அது ஒரு முழுச் சொல்லாக வெளியே வர வேண்டும். வராமல் போனால்தான் ‘ஐ டோன்ட் நோ ஹி வில் கம் ஆர் நாட்’ என்று எழுதுகிறோம். சரியானது ‘ஐ டோன்ட் நோ வெதர் ஹி வில் கம்.’ முதல் வாக்கியத்தில் தட்டைத் தூக்கி, வரிசையையும் ஆளையும் காலத்தையும் திருத்தினால் ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ ஆகும் (ஆளும் காலமும் ஏன் மாறுகின்றன என்பது ஐந்தாம் அறிகுறியில்).

*தட் சரி, ஆனால் வாக்கியம் இன்னும் இடறுகிறதா?* அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். ‘ஹி டோல்ட் தட்’ என்று இருந்தால் யாரிடம் சொன்னான் என்பது விடுபட்டிருக்கிறது. டோல்ட் ஆளைக் கேட்கும்: ‘ஹி டோல்ட் மீ தட்.’ செட் ஆளைக் கேட்காது: ‘ஹி செட் தட்.’ ‘ஐ ஆம் ஷ்யூர் அபவுட் தட் ஹி வில் கம்’ என்று இருந்தால் அபவுட்டை எடுத்துவிடுங்கள். ஆஃப், அபவுட் போன்ற ப்ரெப்பொசிஷன்களுக்குப் பின்னால் தட் கிளாஸ் சாதாரணமாக உட்காராது. வாட், ஹவ், வெதர் ஆகியவை தாராளமாக உட்காரும்: ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் வாட் ஹி செட்.’

*இஃப்பா வெதரா?* தயக்கம் வந்தால் வெதர் போடுங்கள். ‘-ஆ என்று’ வரும் இடங்களில் வெதர் பெரும்பாலும் எங்கும் பொருந்தும், இஃப் அப்படி அல்ல. வாக்கியத்தின் தொடக்கத்தில், ப்ரெப்பொசிஷனுக்குப் பின்னால் (‘இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் இட் ரெய்ன்ஸ்’), ‘டு’ சேர்ந்த வெர்ப்புக்கு முன்னால் (‘வெதர் டு கோ’), ‘ஆர் நாட்’ உடனே ஒட்டி வரும்போது என இந்த நான்கு இடங்களிலும் வெதர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘டெல் மீ இஃப் ஹி கம்ஸ்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அவன் வருகிறானா என்று சொல்’ என்றும் வரும், ‘அவன் வந்தால் சொல்’ என்றும் வரும். முதலாவதில் உள்ளே இருப்பது நவுன் கிளாஸ், பதில் இப்போதே வேண்டும். இரண்டாவதில் அது நிபந்தனை, அவன் வரும்வரை எதுவும் சொல்ல வேண்டாம். வேலை சம்பந்தமான கடிதத்தில் இப்படி இரண்டாகப் பிளக்கும் வாக்கியத்தை அனுப்பக் கூடாது. முதல் அர்த்தத்துக்கு வெதர் போட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அறிகுறி 3: தட்டா, வாட்டா என்று கை தடுமாறுகிறது

‘தட் ஹி செட் இஸ் ட்ரூ.’
‘எவ்ரிதிங் வாட் ஹி செட் இஸ் ட்ரூ.’

இங்கே ‘என்று’ இல்லை. ‘அவன் சொன்னது உண்மை’ என்பதில் வரும் ‘-து’தான் காரணம். தமிழில் இந்த ‘-து’ இரண்டு வேலை செய்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், நேரத்தை வேறு எங்கேயாவது மிச்சம் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

‘நீ சொன்னது நல்ல யோசனை.’ இங்கே சொன்னது என்பது சொல்லப்பட்ட பொருள், அந்த யோசனை. ஆங்கிலத்தில் வாட்: ‘வாட் யூ செட் இஸ் எ குட் ஐடியா.’

‘நீ வந்தது நல்லதாகப் போயிற்று.’ இங்கே வந்தது என்பது ஒரு பொருள் அல்ல, வந்த செயல். ஆங்கிலத்தில் தட்: ‘இட் இஸ் குட் தட் யூ கேம்.’

இப்போது ‘நீ சொன்னது நல்லதாகப் போயிற்று’ என்று சொல்லுங்கள். அதே ‘சொன்னது’தான். ஆனால் இப்போது அது யோசனையைக் குறிக்கவில்லை, நீ வாய் திறந்து சொன்ன செயலைக் குறிக்கிறது. ஆகவே தட்: ‘இட் இஸ் குட் தட் யூ டோல்ட் மீ.’ சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*சோதனை:* ஆங்கில கிளாஸிலிருந்து முதல் சொல்லை எடுத்துவிட்டு மீதியை வாசியுங்கள். ‘யூ செட்’ என்று வந்தால், எதைச் சொன்னாய் என்று ஓர் ஓட்டை தெரிகிறது. ஓட்டை இருந்தால் வாட். ‘யூ கேம்’ என்று வந்தால் ஓட்டை இல்லை, தானே நிற்கிறது. அப்படியானால் தட்.

*முன்னால் ஏற்கெனவே ஒரு பெயர்ச்சொல் இருக்கிறதா?* எவ்ரிதிங், ஆல், தி திங் போன்றவை இருந்தால் வாட் வராது. வாட் என்பதற்குள்ளேயே ‘அந்தப் பொருள்’ அடங்கியிருக்கிறது, இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. ‘எவ்ரிதிங் தட் ஹி செட்’ அல்லது வெறும் ‘எவ்ரிதிங் ஹி செட்.’

அறிகுறி 4: வாக்கியம் தொங்குகிறது, அல்லது இரண்டு வெர்ப் மோதுகிறது

‘வாட் யூ டோல்ட் மீ யெஸ்டர்டே.’ முற்றுப்புள்ளி வைத்தாயிற்று, ஆனால் வாக்கியம் முடியவில்லை. நேற்று நீ சொன்னது… என்ன ஆயிற்று? மொத்த கிளாஸும் சப்ஜெக்ட்தான், அதற்கு ஒரு வெர்ப் இன்னும் வர வேண்டும். ‘வாஸ் ட்ரூ’ என்று சேர்த்தால் முடிந்தது.

‘ஹி கேம் லேட் மேட் மீ ஆங்ரி.’ இதில் இரண்டு வெர்ப், ஒரே சப்ஜெக்ட். ‘அவன் தாமதமாக வந்தது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது’ என்பதில் ‘வந்தது’ என்ற கட்டு ஆங்கிலத்தில் அவிழ்ந்துவிட்டது. கட்டும் கயிறு தட். மூன்று வழி இருக்கிறது. தொடக்கத்தில் தட் சேர்ப்பது எளிது: ‘தட் ஹி கேம் லேட் மேட் மீ ஆங்ரி.’ சரியான வாக்கியம்தான், பேச்சில் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். இட்டை முன்னால் நிறுத்திக் கிளாஸைப் பின்னால் அனுப்புவது இயல்பு: ‘இட் மேட் மீ ஆங்ரி தட் ஹி கேம் லேட்.’ அலுவலகக் கடிதமானால் ‘தி ஃபேக்ட் தட் ஹி கேம் லேட்’ என்றும் தொடங்கலாம்.

‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பதில் தட் இல்லாமலே நிற்கிறதே என்று கேட்பார்கள். திங்க், நோ, சே போன்ற வெர்ப்புக்குப் பின்னால் விடலாம். வாக்கியத்தின் தொடக்கத்தில் விடக் கூடாது.

*சோதனை:* வெர்ப்களுக்கு அடிக்கோடு போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் சப்ஜெக்ட்டிலிருந்து ஒரு அம்பு வரையுங்கள். அம்பு இல்லாத வெர்ப் இருந்தால் கோளாறு அங்கேதான்.

அப்புறம் ஒருமை, பன்மை. சப்ஜெக்ட்டாக நிற்கும் ஒரு கிளாஸ் ஒருமை: ‘வாட் தே செட் இஸ் ட்ரூ.’ உள்ளே தே இருப்பதைப் பார்த்து ஆர் போடாதீர்கள். ‘வாட் ஐ நீட் ஆர் டூ புக்ஸ்’ போலப் பின்னால் பன்மைப் பெயர் வந்தால் ஆர் போடுவோரும் உண்டு, அதைப் பிழை என்று அடிக்க வேண்டாம்.

அறிகுறி 5: யாருக்கு உடம்பு சரியில்லை?

ஒரு விடுப்புக் கடிதம் திருத்த வந்தது. ‘மை ஃபாதர் செட் தட் ஐ ஆம் நாட் வெல், சோ ஐ ஹேவ் டு கோ ஹோம்.’ அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் என்றுதான் நானும் படித்தேன். விசாரித்தால் உடம்பு சரியில்லாதவர் அப்பா. ‘எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொன்னார்’ என்று தமிழில் நினைத்து, அப்படியே இறக்கியிருக்கிறார்.

தமிழில் ‘என்று’ சொன்னவரின் வாய்மொழியை மாற்றாமல் அப்படியே ஏந்திக்கொள்ளும். ‘நான்’ நானாகவே இருக்கும், ‘வருகிறேன்’ வருகிறேனாகவே இருக்கும். ஆங்கிலத் தட்டுக்குப் பின்னால் பேசுவது கடிதம் எழுதுகிறவர். ஆகவே ஐ என்றால் எழுதுகிறவர்தான்.

வரிசையாகப் பாருங்கள். முதலில் ஆள்: ஐ என்பது ஹி ஆக வேண்டுமா? அடுத்து காலம்: செட் என்று இறந்தகாலம் வந்திருந்தால் ஆம் பெரும்பாலும் வாஸ் ஆகும், வில் வுட் ஆகும். கடைசியாக இடமும் நாளும்: டுமாரோ என்பது தி நெக்ஸ்ட் டே ஆகலாம். கடிதம் இப்படி ஆயிற்று: ‘மை ஃபாதர் செட் தட் ஹி வாஸ் நாட் வெல்.’

காலத்தை மாற்றாமல் விடும் இடங்களும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்றால் ‘கோஸ்’ அப்படியே இருக்கலாம். செட் இல்லாமல் சேஸ் என்று வந்தாலும் மாற்ற வேண்டாம்.

அறிகுறி 6: வாக்கியம் சரி, பரீட்சையில் வகை தவறு

பெரும்பாலும் முதல் சொல்லைப் பார்த்து வகையைச் சொல்வதால் வருவது. தட் என்றால் நவுன் கிளாஸ், வேர் என்றால் ஆட்வெர்ப் கிளாஸ் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரே சொல் மூன்று வகைக்கும் வரும்:

‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்.’ எதை அறிவேன்? நவுன் கிளாஸ்.
‘ஐ நோ தி ஹவுஸ் வேர் ஹி லிவ்ஸ்.’ எந்த வீடு? ஆட்ஜெக்டிவ் கிளாஸ்.
‘ஸ்டே வேர் யூ ஆர்.’ எங்கே இரு? ஆட்வெர்ப் கிளாஸ்.

மிகவும் ஏமாற்றுவது நியூஸ், ஃபேக்ட், ஐடியா போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும் தட். ‘தி நியூஸ் தட் ஹி பாஸ்ட்’ என்பதில் ‘ஹி பாஸ்ட்’ தானே நிற்கிறது. அதுவே அந்தச் செய்தி. ஆகவே நவுன் கிளாஸ். அதன் வேலைக்குப் பெயர் அப்பொசிஷன், அதாவது முன்னால் நிற்கும் பெயர் எது என்பதையே விரித்துச் சொல்வது. ‘தி நியூஸ் தட் ஹி ப்ராட்’ என்பதில் ‘ஹி ப்ராட்’ என்று நிறுத்தினால் எதைக் கொண்டுவந்தான் என்ற ஓட்டை இருக்கிறது. அது ஆட்ஜெக்டிவ் கிளாஸ். மூன்றாம் அறிகுறியில் பார்த்த அதே ஓட்டைச் சோதனைதான்.

வகை தெரிந்தபின் வேலையைக் கேட்டால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். முதன்மை வெர்ப்புக்கு முன்னால் என்றால் சப்ஜெக்ட். வெர்ப்பை வைத்து ‘எதை’ என்று கேட்டால் பதிலாக வருவது ஆப்ஜெக்ட். ஆன், அபவுட் போன்றவற்றுக்குப் பின்னால் என்றால் ப்ரெப்பொசிஷனின் ஆப்ஜெக்ட். ‘தி ப்ராப்ளம் இஸ் தட் வீ ஹேவ் நோ டைம்’ என்பதுபோல இஸ், வாஸுக்குப் பின்னால் வந்து சப்ஜெக்ட்டை விளக்கினால் காம்ப்ளிமென்ட். ‘இட் இஸ் ட்ரூ தட் ஹி லெஃப்ட்’ என்பதில் மட்டும் ஏமாறாதீர்கள். கிளாஸ் கடைசியில் இருந்தாலும் அதுதான் உண்மையான சப்ஜெக்ட், முன்னால் நிற்கும் இட் இடம் பிடித்து வைத்திருக்கிறது.

அறிகுறி 7: இலக்கணம் சரி, அர்த்தம் தலைகீழ்

‘ஐ டவுட் தட் ஹி இஸ் தி தீஃப்.’ ‘அவன்தான் திருடன் என்று சந்தேகப்படுகிறேன்’ என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதன் பொருள், அவன் திருடனாக இருப்பான் என்று நான் நம்பவில்லை. வேண்டிய சொல் சஸ்பெக்ட். இன்னொன்று சஜெஸ்ட்: ‘ஹி சஜெஸ்டட் மீ டு கோ’ வராது, ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ ஷுட் கோ’ அல்லது ‘தட் ஐ கோ.’

எப்போது இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டும்

முதலாம் அறிகுறியைத் திருத்தத் தொடங்கியபின் நேரடிக் கேள்விகளும் கெட்டுப்போனால், அதாவது ‘வேர் ஹி இஸ் கோயிங்?’ என்று கேட்கத் தொடங்கினால், கோளாறு நவுன் கிளாஸில் இல்லை. கேள்வி அமைப்பே இன்னும் உறுதிப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஓர் ஆசிரியர் வேண்டும், வாய்ப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையைத் திட்டி எதுவும் ஆகாது.

‘ஐ ஆம் க்ளாட் தட் யூ கேம்’ போன்ற வாக்கியங்களுக்கு இலக்கணப் புத்தகங்களுக்குள்ளேயே பெயர் வேறுபடும். சிலவற்றில் நவுன் கிளாஸ், சிலவற்றில் ஆட்வெர்ப் கிளாஸ். பரீட்சைக்கு எந்தப் பெயர் எழுதுவது என்பதை உங்கள் பாட ஆசிரியரிடம் கேட்டு அதையே எழுதுங்கள்.

வாடகை ஒப்பந்தம், விசாவுக்கான விளக்கக் கடிதம், நீதிமன்றத்துக்குப் போகும் வாக்குமூலம் என்றால் நானே திருத்தித் தருவதில்லை. அங்கே ஓர் இஃப் நிபந்தனையா கேள்வியா என்பதில் பணமும் உரிமையும் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறதோ அதற்குப் பென்சிலில் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் நீங்கள் நினைத்தது என்ன என்று எழுதி, வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

ஆய்வேடானால் முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். முதல் அத்தியாயத்தை மட்டும் தொழில்முறைத் திருத்துநரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் அவர் தொட்ட இடங்களை மேலே உள்ள அறிகுறிகளின்படி எண்ணிப் பாருங்கள். ஒரே அறிகுறி பக்கத்துக்குப் பக்கம் வந்தால் மீதி அத்தியாயங்களில் அதை நீங்களே தேடித் திருத்திவிடலாம். பல அறிகுறிகள் கலந்து வந்தால் முழு ஆய்வேடும் அவரிடமே போகட்டும்.